ஒரு நொடியா, 35 யார்டா: 2009 பிக் 12 இறுதியாட்டத்தை நெப்ராஸ்கா எங்கே விட்டது

2009 டிசம்பர் 5 இரவு, டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டன், அந்த ஆண்டுதான் திறந்திருந்த கவ்பாய்ஸ் ஸ்டேடியம். கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் பிக் 12 என்ற கூட்டமைப்பின் இறுதியாட்டம். பலகையில் நெப்ராஸ்கா 12, டெக்சஸ் 10. கடிகாரத்தில் 0:00. நெப்ராஸ்கா ஆட்டக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள், பயிற்சியாளர் போ பெலினியும் கூடவே. பத்து வருடமாகக் கிடைக்காத கான்ஃபரன்ஸ் பட்டம் கைக்கு வந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அப்புறம் நடுவர்கள் ரிவ்யூ பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துவிட்டு, கடிகாரத்தில் ஒரு நொடி பாக்கி இருக்கிறது என்று சொல்லி மைதானத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். டெக்சஸின் ஹன்டர் லாரன்ஸ் 46 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார், பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 13–12. டெக்சஸ் சாம்பியன்.

கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் பத்து மறக்க முடியாத முடிவுகளைச் சொல்லச் சொன்னால் இந்த ஆட்டம் கட்டாயம் வந்துவிடும். வரும்போதெல்லாம் பேச்சு அந்த ஒரு நொடியைப் பற்றியே இருக்கும்: கொடுத்தது சரியா, தப்பா, யாருக்காகக் கொடுத்தார்கள். நான் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுதான் உறுதியாகிறது. நொடி விஷயத்தில் நடுவர்கள் சரி. நெப்ராஸ்கா இந்த ஆட்டத்தை விட்டது அதற்கு ஒன்றே முக்கால் நிமிடம் முன்னால், அதுவும் தன் கையாலேயே. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் நாடு முழுக்க ஒரே லீகில் ஆடுவதில்லை, கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. கூட்டமைப்பில் யார் முதல் என்பதை ரொம்ப காலம் சீசன் முடிவில் வெற்றி தோல்விக் கணக்கு பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அணிகள் சேர்ந்து, அவை இரண்டு பிரிவாக ஆடினால், பிரிவு முதல்வர்கள் இருவருக்கும் கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தென்கிழக்குக் கான்ஃபரன்ஸான எஸ்இசி 1992இல் அதைப் பிடித்துக்கொண்டது. பர்மிங்ஹாமில் நடந்த அந்த முதல் ஆட்டத்தில் அலபாமா 28–21 என்று ஃப்ளோரிடாவை வென்றது. டிவியில் நல்ல காசு வந்தது, பிறகு மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? பழைய பிக் எய்ட் கூட்டமைப்பும் டெக்சஸின் நான்கு கல்லூரிகளும் சேர்ந்து பிக் 12 ஆனபோது, 1996இல் அவர்களும் இறுதியாட்டம் வைத்தார்கள்.

அந்த முதல் பிக் 12 இறுதியாட்டமும் இதே இரண்டு அணிக்கு இடையில்தான். செயின்ட் லூயிஸில் நடந்தது. நெப்ராஸ்கா அப்போது 1994, 1995 என்று இரண்டு வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியன், மூன்றாவதற்கும் வாய்ப்போடு வந்திருந்தது. டெக்சஸ் நான்கு ஆட்டம் தோற்றுவிட்டு வந்த அணி, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி மூன்று நிமிடத்துக்குள் டெக்சஸ் முன்னிலையில், நான்காவது முயற்சி (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிதான்), இன்னும் சில அங்குலம் போக வேண்டும், அதுவும் தன் பக்கத்து 28 யார்டு கோட்டருகில். எந்தப் பயிற்சியாளரும் பந்தை உதைத்து அனுப்பிவிடுகிற இடம் அது. டெக்சஸ் உதைக்கவில்லை. தாக்குதலை நடத்தி பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஜேம்ஸ் பிரவுன் இடப்பக்கம் ஓடுவதுபோல் ஓடி பந்தை எறிந்தார், அது 61 யார்டு போனது. 37–27. நெப்ராஸ்காவின் தேசியப் பட்டக் கனவு அங்கேயே போனது. ஓர் ஆட்டம் கூடுதலாக வைத்ததால்தான் இந்த வினை என்ற எண்ணம் நெப்ராஸ்கா மக்களுக்கு அன்றே வந்துவிட்டது. 1999இல் சான் ஆன்டோனியோவில் 22–6 என்று பழி தீர்த்தார்கள், உண்மைதான். ஆனால் பிக் 12 காலம் முழுக்க, 1996 முதல் 2010 வரை, இரண்டு அணியும் மோதிய பத்து ஆட்டத்தில் நெப்ராஸ்கா வென்றது அந்த ஒன்று மட்டுமே.

2009க்கு வருவோம். டெக்சஸ் 12–0 என்று தோல்வியே இல்லாமல் வந்திருந்தது. தேசிய இறுதிக்கு யார் போவது என்பதை அப்போது பிசிஎஸ் என்ற முறை தீர்மானித்தது. இரண்டு வாக்கெடுப்பு, கூடவே ஆறு கணினித் தரவரிசை, இவற்றின் சராசரியில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் வாய்ப்பு. அந்த வார இறுதிக்கு முன் ஃப்ளோரிடா முதல், அலபாமா இரண்டு, டெக்சஸ் மூன்று. முதல் இரண்டும் அன்றைக்கே எஸ்இசி இறுதியாட்டத்தில் ஒன்றோடு ஒன்று மோதின, அலபாமா 32–13 என்று வென்றது. ஆக டெக்சஸ் ஜெயித்தால் போதும், நேராக தேசிய இறுதி. தோற்றால், தோல்வியே காணாத டிசியூவுக்கோ சின்சினாட்டிக்கோ கதவு திறக்கும். சின்சினாட்டி அதே நாள் பிட்ஸ்பர்க்கில் 45–44 என்று ஒரு புள்ளியில் தப்பித்திருந்தது. ஆர்லிங்டனில் நடப்பதை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது.

நெப்ராஸ்கா 9–3. அந்த மூன்று தோல்வியில் இரண்டைச் சொன்னால் அணியின் ஜாதகமே புரிந்துவிடும். வர்ஜீனியா டெக்கிடம் 16–15. ஐயோவா ஸ்டேட்டிடம் 9–7, அந்த ஒரே ஆட்டத்தில் எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார்கள். தடுப்பு அபாரம், தாக்குதல் பரிதாபம். தடுப்பின் நடுவில் என்டாமுக்கன் சூ என்ற ஒரு மலை.

அந்த மலையைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இந்த ஆட்டத்தை எழுத முடியாது. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர் பெயர் வாங்குவது அபூர்வம். எதிரணியின் இரண்டு பேரை இழுத்துப் பிடித்துவைத்து, பின்னால் இருப்பவனுக்கு வழிவிடுவதுதான் அவருடைய வேலை, புகழ் எல்லாம் பின்னால் இருப்பவனுக்கு. அன்று சூ அந்த வேலையைச் செய்யவில்லை, அந்த இரண்டு பேரையும் தாண்டிப்போய் குவார்ட்டர்பேக்கையே பிடித்துக்கொண்டிருந்தார். 12 டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது), அதில் ஏழு எதிரணியைப் பின்னுக்குத் தள்ளியவை, பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கையே வீழ்த்துகிற சாக் மட்டும் நாலரை. நாலரை என்றால், ஒன்றை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டார் என்று அர்த்தம். டெக்சஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் சாதாரண ஆள் இல்லை, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்குப் பேர் அடிபட்டவர், நான்கு வருடமாக ஆடிப் பழுத்தவர். அவரை சூ ஒரு கையால் பிடித்துச் சுழற்றி வீசியதைப் பார்த்தால் துணி துவைக்கிற கல் ஞாபகம்தான் வரும். மொத்தம் ஒன்பது முறை சாக். மூன்று இன்டர்செப்ஷன், அதாவது அவர் எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டையும் ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள், அப்படிக் கழித்துப் பார்த்தால் டெக்சஸ் ஓடி எடுத்தது மொத்த ஆட்டத்திலும் 18 யார்டு. எறிந்ததில் 184. ஆக 202.

இதைப் படித்ததும் நெப்ராஸ்கா இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்க வேண்டுமே என்று தோன்றும். தோன்ற வேண்டும். ஆனால் நெப்ராஸ்கா எடுத்தது மொத்தம் 106 யார்டு. ஓடி 67, எறிந்து 39. பத்து யார்டைத் தாண்டி புதிதாக முயற்சிகள் வாங்குகிற ஃபர்ஸ்ட் டவுன் முழு ஆட்டத்திலும் ஐந்தே ஐந்து. அறுபது நிமிட ஆட்டத்தில் எறிந்து 39 யார்டு என்பது பள்ளிக்கூட ஆட்டத்திலேயே வெட்கப்பட வேண்டிய கணக்கு. பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுபோகிற டச் டவுன் ஒன்றுகூட வரவில்லை. பன்னிரண்டு புள்ளியும் அலெக்ஸ் ஹெனரி என்ற ஒரே ஆளின் காலிலிருந்து வந்தவை, கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற ஃபீல்டு கோல் நான்கு, தலா மூன்று.

இடையில் நடந்ததை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் கால்பகுதியில் மெக்காய் தானே ஓடி ஒரு டச் டவுன் எடுத்தார், அதுதான் அன்றைய இரவின் ஒரே டச் டவுன். பாதி ஆட்டத்தில் 7–6. பிறகு ஆளுக்கொரு ஃபீல்டு கோலாக நகர்ந்து 10–9 என்று டெக்சஸ் ஒரு புள்ளி முன்னால் நின்றது. ரசிகர்களுக்கு நகம் கடிக்கிற ஆட்டம், நடுநிலையாகப் பார்ப்பவர்களுக்கு சூ பந்தைத் தேடிப் போகாத நேரமெல்லாம் கொட்டாவி.

இப்போது அந்த 1 நிமிடம் 44 நொடி. ஹெனரி 42 யார்டு உதையைப் போட்டு நெப்ராஸ்காவை 12–10 என்று முன்னால் கொண்டுபோனபோது கடிகாரத்தில் இருந்த நேரம் அது. ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எதிரணி ஓடி எடுத்ததோ 18 யார்டு. அவர்கள் குவார்ட்டர்பேக் ஒன்பது சாக் வாங்கிய இரவு. நெப்ராஸ்கா செய்ய வேண்டியது ஒன்றுதான்: பந்தை ஆழமாக உதைத்து, டெக்சஸை அதன் எல்லைப் பக்கம் ஆரம்பிக்க வைத்து, மிச்சத்தை சூவிடம் விட்டுவிடுவது.

புள்ளி எடுத்த அணி பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்புவதுதான் கிக்காஃப். அதை உதைத்தவர் நெப்ராஸ்காவின் ஆடி குனாலிச். பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது.

கிக்காஃப் யார் கையிலும் படாமல் பக்கவாட்டில் வெளியே போனால், அன்றைய விதிப்படி பந்து எதிரணிக்கு அவர்களுடைய 40 யார்டு கோட்டில் கிடைத்தது. ஒழுங்காக உதைத்து, அது எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் போய் அங்கேயே நின்றிருந்தால், அன்றைய விதிப்படி 20 யார்டில் ஆரம்பம். ஆக இந்த ஒரு தவறுக்கு விலை சுமார் 20 யார்டு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொன்னால், கடைசி ஓவரில் முதல் பந்தே இடுப்புக்கு மேல் நோ பால் போட்ட மாதிரி. குனாலிச் கிக்காஃபுக்கென்றே இருந்தவர், அவருடைய கால் பலம் தெரிந்த விஷயம்தான், அதனால் அவர் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. ஒரு மூலையில் ஒதுக்கிவைத்து உதைக்கச் சொன்னார்களா, கால் தவறியதா, எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் நேராக நடுவில் அடி என்பதுதான் பாதுகாப்பான வழி. அது நடக்கவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். மெக்காய் பந்தை ஜோர்டன் ஷிப்லிக்கு எறிந்தார். ஷிப்லி 19 யார்டு எடுத்தார். அவரை நிறுத்தும்போது நெப்ராஸ்காவின் லாரி அசான்டே கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் கையைவிட்டுப் பின்பக்கமாக இழுத்து வீழ்த்தினார். இதற்கு ஹார்ஸ் காலர் என்று பெயர், குதிரையின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதைப் போல. இப்படி இழுத்தால் காலும் முழங்காலும் மடங்கி முறியும் என்பதால் கல்லூரி ஆட்டத்தில் அதற்கு முந்தைய வருடம், 2008இல்தான் தடை செய்திருந்தார்கள். தண்டனை 15 யார்டு. பந்து ஒரே பாய்ச்சலில் நெப்ராஸ்காவின் 26 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கலாம், ஏனென்றால் என் வாதமே இதில்தான் இருக்கிறது. டெக்சஸ் தன் 40இல் தொடங்கியது. லாரன்ஸ் கடைசியில் 46 யார்டு உதைத்தார் என்றால் பந்து நெப்ராஸ்காவின் 29இல் இருந்தது. கம்பம் எல்லைப் பகுதியின் பின்கோட்டில் நிற்கிறது, அதற்கு 10 யார்டு, உதைப்பவர் ஏழு யார்டு தள்ளி நிற்பார், மொத்தம் 17ஐ எப்போதும் கூட்டிக்கொள்ள வேண்டும். 40இலிருந்து எதிரணியின் 29 வரை 31 யார்டு. அதில் 15 நெப்ராஸ்கா கொடுத்த தண்டனை. டெக்சஸ் சொந்தமாகச் சம்பாதித்தது 16. இப்போது அந்த இரண்டு தவறும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 20இல் தொடக்கம், ஹார்ஸ் காலர் கிடையாது. டெக்சஸ் அதே ஆட்டங்களை அதேபோல ஆடியிருந்தால் லாரன்ஸ் 81 யார்டிலிருந்து உதைத்திருக்க வேண்டும். எந்தக் காலும் அதைச் செய்யாது. கடிகாரத்தில் ஒரு நொடி என்ன, ஒரு நிமிடம் கூட்டிக் கொடுத்திருந்தாலும் அந்த உதை நடந்திருக்காது.

இதில் இன்னொரு வேடிக்கை, டெக்சஸ் இதையெல்லாம் இனாமாக வாங்கிக்கொண்டும் கிட்டத்தட்ட தோற்றுவிட்டது. 26இல் பந்து கிடைத்தபோது நேரம் தாராளமாக இருந்தது. அங்கிருந்தே உதைத்தால் 43 யார்டு. அங்கிருந்து ஒரு ஐந்து யார்டு முன்னால் போவதுதான் வேலை. அவர்கள் மூன்று யார்டு பின்னால் போனார்கள். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நொடிக்கும் குறைவாக மிச்சம் இருக்கும்போது மெக்காய் பந்தை வாங்கி வலப்பக்கமாக ஓடினார், துரத்தி வந்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை, சூதான். ஓடி, ஓடி, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வயிற்றைக் கலக்குகிற அளவு தாமதித்து, பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே எறிந்தார். பயிற்சியாளர் மேக் பிரவுன் அன்று தோற்றிருந்தால் அந்த ஒரு ஆட்டத் தேர்வுக்காகவே காலத்துக்கும் வசை வாங்கியிருப்பார். ஜெயித்ததால் யாரும் கேட்கவில்லை.

சரி, அந்த நொடி. எறிந்த பந்து தரையிலோ, மைதானத்துக்கு வெளியே இருக்கிற எதன் மேலாவதோ பட்ட கணத்தில் ஆட்டம் நிற்கிறது, கடிகாரமும் அந்தக் கணத்தில் நிற்க வேண்டும். ஆனால் கடிகாரம் தானாக நிற்பதில்லை, ஒரு மனிதர் அதை நிறுத்த வேண்டும். பந்து விழுந்ததை நடுவர் பார்த்து, கையை அசைத்து, அதைக் கடிகாரக்காரர் பார்த்து, பொத்தானை அழுத்துவதற்குள் ஒரு நொடியோ அதில் பாதியோ ஓடிவிடும். ஆட்டம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது, யாரும் கவலைப்படுவதில்லை, இரண்டு பக்கத்துக்கும் அதே நஷ்டம். கடைசி நொடியில் மட்டும் அது உயிர் போகிற விஷயமாகிவிடுகிறது.

ரிவ்யூவில் பார்த்தது இதைத்தான். பந்து வெளியே பட்ட ஃப்ரேமையும் அந்த ஃப்ரேமில் கடிகாரம் என்ன காட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ரன் அவுட்டுக்கு ஸ்டம்பையும் கோட்டையும் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்கிறோம் இல்லையா, அதே வேலை. 0:01 இருந்தது. நீங்களே அந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தாலும் 0:01தான் இருக்கும், அதில் விவாதமே இல்லை. நெப்ராஸ்கா பக்கத்து நியாயமான ஆட்கள்கூட நொடி இருந்ததை மறுப்பதில்லை. அவர்கள் சொல்வது வேறு: இதே தாமதம் ஆட்டத்தில் நூறு தடவை நடந்தது, அப்போதெல்லாம் திருத்தாமல் கடைசியில் மட்டும் ஏன் திருத்தினீர்கள்? கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் பதில் லேசானது. முதல் கால்பகுதியில் போன அரை நொடியால் ஓர் ஆட்ட வாய்ப்பு பறிபோவதில்லை. கடைசியில் போனால் பறிபோகிறது. விதியை ஒரே மாதிரி எல்லா இடத்திலும் நடத்த வேண்டும் என்று சொல்லி, தெரிந்தே தப்பான நேரத்தோடு ஆட்டத்தை முடிப்பதை என்னால் நியாயம் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிக் 12 தரப்பும் முடிவு விதிப்படி சரி என்றே நின்றது.

சதி என்ற பேச்சு ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. கான்ஃபரன்ஸ் அலுவலகம் இருந்தது டெக்சஸில். ஆட்டம் நடந்தது டெக்சஸில். தேசிய இறுதிக்குத் தன் அணி போனால் கான்ஃபரன்ஸுக்குப் பெருமையும் பணமும். ஆட்டம் முடிந்து உள்ளே போகும் வழியில் பெலினி நடுவர்கள் மேல் கொதித்துக் கத்தியதற்கும் பின்னணி இதுதான். 1996இலிருந்தே, டெக்சஸ்காரர்கள் வந்து நம் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள் என்ற மனக்குறை நெப்ராஸ்காவில் இருந்தது. பிக் எய்ட் காலத்தில் அவர்களும் ஓக்லஹோமாவும்தான் ராஜா. ஆண்டுதோறும் நடந்த நெப்ராஸ்கா–ஓக்லஹோமா ஆட்டம்கூட புதிய அமைப்பில் பிரிவுகள் பிரிந்ததால் தவறாமல் நடப்பது நின்றுபோனது. இவ்வளவு மனத்தாங்கலோடு இருப்பவர்களிடம், ஜெயித்துவிட்டோம் என்று குதித்துக்கொண்டிருக்கும்போது போய், இன்னும் ஒரு நொடி இருக்கிறது என்று சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் கோபத்துக்குக் காரணம் இருப்பது வேறு, கோபம் சரியான இடத்தில் விழுவது வேறு. டெக்சஸை ஜெயிக்க வைக்க யாராவது திட்டம் போட்டிருந்தால், அதில் நெப்ராஸ்காவின் கிக்காஃபையும் அசான்டேயின் கையையும் சேர்த்திருக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை நெப்ராஸ்கா ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் 106 யார்டு. ஒரே ஒரு டச் டவுன், எங்கேயாவது ஒரே ஒரு முறை, அப்படி வந்திருந்தால் இந்த நொடி, கிக்காஃப், ஹார்ஸ் காலர் எதுவுமே பேச்சில் வந்திருக்காது. மெக்காயிடமிருந்து மூன்று தடவை பந்தைப் பறித்துக் கொடுத்தது தடுப்பு. தாக்குதல் அதை வாங்கி ஹெனரியின் காலில் வைத்தது, அவ்வளவுதான். தடுப்பு ஆட்டக்காரர்கள் அன்றைக்கு எப்படித் தூங்கினார்களோ தெரியாது.

பின்விளைவுகள். லாரன்ஸின் உதையால் டெக்சஸ் இரண்டாம் இடத்துக்கு வந்து 2010 ஜனவரி 7ஆம் தேதி பாசடினாவில் அலபாமாவோடு தேசிய இறுதி ஆடியது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே மெக்காய்க்குத் தோளில் அடிபட்டது, திரும்பி வரவில்லை. முதலாண்டு மாணவர் கேரட் கில்பர்ட்டை வைத்து ஆடி 37–21 என்று தோற்றது. அடுத்த சீசனில் 5–7. அந்த ஒரு நொடி அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது என்னவோ இதுதான். சின்சினாட்டி மூன்றாம் இடத்தில் நின்றுபோனது. அவர்கள் பயிற்சியாளர் பிரையன் கெல்லி சில நாளிலேயே நோட்ர டேமுக்குப் போய்விட்டார், அணி சீசன் முடிந்ததும் நடக்கிற பௌல் ஆட்டங்களில் ஒன்றான சுகர் பௌலில் ஃப்ளோரிடாவிடம் 51–24 என்று அடிவாங்கியது. தேசிய இறுதியில் அலபாமாவைச் சந்தித்திருந்தால் இதைவிட நன்றாக ஆடியிருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஆடிப்பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது அவர்கள் குறை.

நெப்ராஸ்கா ஜெயித்திருந்தால் பிக் 12 சாம்பியனாக ஃபியஸ்டா பௌலுக்குப் போயிருக்கும். பதிலுக்கு சான் டியேகோவில் ஹாலிடே பௌல். அங்கே அரிசோனாவை 33–0 என்று நசுக்கினார்கள், கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. சூவுக்கு ஹைஸ்மன் வாக்கெடுப்பில் நான்காம் இடம். தடுப்பு வரிசை ஆளுக்கு அது பெரிய விஷயம், விருது அலபாமாவின் மார்க் இங்கிரமுக்குப் போனது, மெக்காய் மூன்றாவது. அந்த ஆர்லிங்டன் இரவை மட்டும் வைத்துக் கொடுப்பதாக இருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற 2010 டிராஃப்டில் டெட்ராய்ட் அணி அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது.

ஆறு மாதம் கழித்து, 2010 ஜூன் 11 அன்று, நெப்ராஸ்கா பிக் டென் கூட்டமைப்பில் சேர்வது உறுதியானது. ஒரு நொடிக்காகக் கான்ஃபரன்ஸை விட்டுப் போனார்கள் என்று சிலர் எழுதுவார்கள், அது மிகை. டிவி பணம், பங்கு பிரிப்பு, டெக்சஸின் கை ஓங்கியிருந்தது, கூட்டமைப்பே உடைந்துவிடுமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்த முடிவு அது. ஆனால் ஆர்லிங்டனில் ஜெயித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் ஊர் மக்கள் இவ்வளவு சந்தோஷமாக வழியனுப்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. கொலராடோவும் கிளம்பியது. பன்னிரண்டு அணி பத்தாகச் சுருங்கியது, பத்து அணிக்கு இறுதியாட்டம் வைக்க அப்போதைய விதியில் இடமில்லை, ஆக 2010 ஆட்டத்தோடு பிக் 12 இறுதியாட்டமே நின்றுபோனது. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஆடியதும் நெப்ராஸ்காதான், அதே மைதானத்தில், ஓக்லஹோமாவோடு. 17–0 என்று முன்னால் இருந்துவிட்டு 23–20 என்று தோற்றார்கள். அன்றைக்குக் கடிகாரத்தின் மேல் யாரும் குறை சொல்லவில்லை.

பிக் 12 இறுதியாட்டம் 2017இல் திரும்ப வந்தது. 2023இல் டெக்சஸ் அதை வென்றுவிட்டு, 2024இல் தானும் எஸ்இசிக்குப் போய்விட்டது. நெப்ராஸ்கா பிக் டென்னில் ஒரே ஒரு முறை இறுதியாட்டத்துக்கு வந்தது, 2012இல், விஸ்கான்சினிடம் 70–31. அவர்கள் கடைசியாக வாங்கிய கான்ஃபரன்ஸ் பட்டம் இன்னும் 1999இல் வாங்கியதுதான், சான் ஆன்டோனியோவில், டெக்சஸிடமிருந்து.